சுமைகூலி முக்கால் பணம் ஆகலாமா?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது நம் பெரியவர்கள் சொல்லி வைத்த வார்த்தை. மாட்டு வண்டியில் சரக்கு வந்த காலத்துப் பழமொழி. இன்று நம் கடை வாசலில் நிற்பது மாட்டு வண்டி அல்ல. குட்டி யானையோ பிக்கப்போ நிற்கிறது. பருத்திக்கொட்டைக்கும் தவிட்டுக்கும் பதிலாக டீசல் கேட்கிறது. தன் மாடு நாளைக்கு எவ்வளவு தின்கிறது என்று அந்தக் காலத்து வியாபாரிக்குத் தெரியும். தன் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. ராசிபுரத்தில் முப்பது வருடமாக மளிகை மொத்த வியாபாரம். துவரம் பருப்பு கிலோவுக்கு 25 பைசா ஏறினாலும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாலு கடை ஏறி இறங்கி விசாரிப்பவன் நான். ஆனால் டீசல் விஷயத்தில் மட்டும் டிரைவர் கேட்ட பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, நாள்வழியில் "வண்டிச் செலவு" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவேன். அந்த ஒரு வரி, நல்ல மனிதர் ஒருவரை என்னிடமிருந்து பிரித்துவிடப் பார்த்தது. அந்த அனுபவத்தையும், அதன் பிறகு நான் கற்றுக்கொண்ட கணக்கையும் வணிக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

சாவி மேசை மேல் வந்தது

அது ஆடி மாதம். வியாபாரம் மந்தம். கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பிக்கப் வண்டியின் டீசல் கண்ணை உறுத்தியது. மாதம் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் ஓட்டம். முன்பெல்லாம் 200 லிட்டரில் முடிந்தது, இப்போது 267 லிட்டர் ஆகியிருந்தது. கணக்கு எளிதாக இருக்க, இந்தக் கட்டுரை முழுவதும் டீசல் லிட்டர் 90 ரூபாய் என்றே வைத்துக்கொள்கிறேன். வாசகர்கள் தங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கணக்குப்படி மாதம் 6,000 ரூபாய் கூடுதல். ஓர் அரிசிச் சிப்பத்தில் எனக்கு 20 ரூபாய் நின்றால் பெரிது. அப்படியானால் 300 சிப்பம் விற்ற லாபம் புகையாகப் போயிருக்கிறது.

மனிதனுக்குச் சந்தேகம் வந்தால் முதலில் போகிற இடம் டிரைவர்தான். "தம்பி, டீசல் எங்க போகுது?" என்று கேட்டேன். கேட்ட விதமே சரியில்லை என்று இப்போது தெரிகிறது. அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. வண்டிச் சாவியை எடுத்து என் மேசை மேல் வைத்தார்.

"பதினோரு வருசமா உங்க வண்டியத்தான் ஓட்டறேங்க மொதலாளி. நான் எடுத்துட்டேன்னு நெனச்சீங்கன்னா இப்பவே போயிடறேனுங்க. ஆனா ஒரு தடவ அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

அளந்து பார் என்றால் எனக்குச் சுருக்கென்றது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். தராசை வைத்துப் பிழைக்கிற எனக்கு அந்தப் பாடத்தை டிரைவர் எடுக்க வேண்டியிருந்தது.

அளப்பது எப்படி?

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பங்க்கில் டேங்க் நிரம்ப டீசல் போட்டு, கிலோமீட்டர் மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கமான வேலைக்கு வண்டி ஓடட்டும். சில நாள் கழித்து அதே பங்க்கில், அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, மறுபடி நிரம்பப் போட வேண்டும். இரண்டாம் முறை பிடித்த லிட்டர்தான் இடையில் ஓடிய கிலோமீட்டருக்கு வண்டி குடித்த அளவு. ஒரு தடவை பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மூன்று தடவையாவது பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். 500 ரூபாய்க்குப் போடு, 1,000 ரூபாய்க்குப் போடு என்று துண்டு துண்டாகப் போட்டால் மைலேஜ் கணக்கு ஒருநாளும் கிடைக்காது.

பங்க்கின் அளவில் சந்தேகம் இருந்தால் அதையும் சோதிக்கலாம். எடை அளவுத் துறையின் முத்திரை உள்ள 5 லிட்டர் அளவை பங்க்கில் வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதி உண்டு. அதற்கு மேல் குறைந்தால் புகார் செய்யலாம்.

நான் டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டேன். இரவில் வண்டியை என் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னேன். பத்து நாள் நானே டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். மூன்று தடவை டேங்க் நிரப்பிப் பார்த்ததில் லிட்டருக்கு 9 கிலோமீட்டர். பழைய பில்லோடு இது அப்படியே ஒத்துப்போயிற்று. டீசல் வெளியே எங்கும் போகவில்லை. வண்டிதான் குடித்திருக்கிறது. முன்பு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 9-க்கு இறங்கியிருக்கிறது; நான் பார்க்கவே இல்லை.

குடித்தது எது?

மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். சேலத்திலிருந்து வந்து நின்றதும் அவர் செய்த முதல் காரியம், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்ததுதான். பின் இடது சக்கரத்தின் டிரம் அருகே கை வைக்க முடியவில்லை. பிரேக் மிதித்த பின் லைனர் முழுதாகத் திரும்பாமல் டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டே வண்டி ஓட்டியது போல. நான்கு டயரிலும் காற்று ஏறக்குறைய 15 பவுண்டு குறைவு. ஏர் பில்டரைத் தட்டினால் தவிட்டு மூட்டையை உதறியது போல் தூசி. பழுது பார்த்ததற்கு உதிரிப் பாகமும் கூலியும் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு மாதத்தில் நான் இழந்த டீசல் அதைவிட அதிகம்.

இது ஏன் என்று புரிந்துகொள்ள டீசல் எஞ்சினைப் பற்றி இரண்டு வார்த்தை. ருடால்ப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் இந்த எஞ்சினை ஓட்டிக் காட்டினார். எரிபொருளில் உள்ள சக்தியில் 26 சதவீதத்தை அது வேலையாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்களால் எட்ட முடியாத அளவு. காற்றை மிகவும் இறுக்கி அழுத்தினால் அது டீசல் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே எரியும், தீப்பொறி வேண்டாம். இவ்வளவு அழுத்தம் இருப்பதால்தான் பெட்ரோல் வண்டியைவிட டீசல் வண்டி அதிக மைலேஜ் தருகிறது. போதாக்குறைக்கு, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தி கூடுதல்.

ஆனால் இன்றைய நல்ல டீசல் எஞ்சினிலும் நிலைமை சாதகமாக இருக்கும்போதுதான் 40 சதவீதம் அளவுக்குச் சக்தி சக்கரத்தை நோக்கிப் போகும். மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் சூடாகப் போய்விடும். அதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. மிஞ்சும் சக்தியை டயரின் உரசலுக்கும் எதிர்க்காற்றுக்கும் பிரேக்கின் சூட்டுக்கும் எவ்வளவு பறிகொடுக்கிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

டயரில் காற்று: அமெரிக்க எரிசக்தித் துறை கார்களுக்குச் சொல்லும் கணக்கு, நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பவுண்டு குறைந்தால் மைலேஜ் ஏறக்குறைய 0.2 சதவீதம் குறையும் என்பது. 15 பவுண்டு என்றால் 3 சதவீதம். சின்னத் தொகைதான். ஆனால் டயரின் ஓரம் தேய்ந்து, லோடில் சூடேறி வெடிக்கிற நட்டம் சின்னதல்ல. வாரம் ஒரு நாள், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், கம்பெனி எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றுப் பிடிக்க வேண்டும். லோடுக்கு ஓர் அளவும் காலி வண்டிக்கு ஓர் அளவும் இருக்கும். டிரைவர் சீட்டுப் பக்கக் கதவருகே ஒட்டியிருக்கும், அல்லது கையேட்டில் இருக்கும்.

ஏர் பில்டர்: டீசல் எஞ்சினுக்குக் காற்று போதாவிட்டால் டீசல் முழுதாக எரியாது. கறுப்புப் புகை என்றால் எரியாத டீசல் வெளியே போகிறது என்று பொருள். மண் சாலைக் கிராமங்களுக்குப் போகும் வண்டிக்கு, கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்னதாகவே பில்டரைப் பார்க்க வேண்டும்.

வேகம்: வேகம் இரண்டு மடங்கானால் எதிர்க்காற்றின் தடை நான்கு மடங்காகும். 60-இல் போகும் வண்டியை 80-இல் விரட்டினால் காற்றுத் தடை ஏறக்குறைய 1¾ பங்கு ஆகிறது. கார் போல வழவழப்பான உருவம் அல்ல நம் லோடு வண்டி. நிமிர்ந்த முகம், பின்னால் படபடக்கும் தார்பாய். ஆண்டகளூர் கேட்டில் ஏறி சேலத்துக்கு நாற்கர சாலையில் 25 கிலோமீட்டர் ஓட்டினால், 60-இல் 25 நிமிடம். 80-இல் 19 நிமிடம். மிச்சமாவது ஆறு நிமிடம். செவ்வாய்ப்பேட்டையில் சுமைப் பணியாளர் வரக் காத்திருக்கும்போது அந்த ஆறு நிமிடம் டீ குடிப்பதில் போய்விடும். 1978-இல் மத்திய அரசு அமைத்த பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம், 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள் என்று பல வருடமாகச் சொல்லிவருவது இதனால்தான். தார்பாயை இழுத்துக் கட்டுவதும் இதில் சேர்ந்ததே.

நின்றபடி குடிப்பது: மூட்டை ஏற்றும்போதும் இறக்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் பிக்கப் ரக வண்டி மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். நாளைக்கு ஒரு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் குறைந்தபட்சம் 12 லிட்டர். 1,000 ரூபாய்க்கு மேல். ஒரு மூட்டைகூட நகராமல் போகிற பணம். ஒரே ஓர் எச்சரிக்கை: டர்போ உள்ள வண்டி லோடோடு ஏற்றம் ஏறி வந்து நின்றதும் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு நிறுத்துவது நல்லது.

மலை இறக்கம்: எங்கள் பக்கத்தில் கொல்லிமலைக்குச் சரக்கு போகிறது. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது நியூட்ரலில் போட்டால் டீசல் மிச்சம் என்று பழைய டிரைவர்கள் பலர் நம்புகிறார்கள். இது தவறு, உயிருக்கு ஆபத்தும்கூட. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றும். அப்போது டீசல் வரத்து நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். அதோடு வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும்; பிரேக் சூடேறினால் பிடிக்காது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களுக்குப் பிரேக்கின் கூடுதல் பலமும் போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் சிக்கனமும் பாதுகாப்பும்.

பழுது பார்த்ததும் எங்கள் வண்டி 11 கிலோமீட்டருக்கு வந்தது. மேலே சொன்னவற்றை டிரைவர் கடைப்பிடித்ததும் 12-ஐத் தொட்டது. மாதம் 6,000 ரூபாய் திரும்பி வந்தது. அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. அது வண்டியில் இல்லை, என் மேசையில் இருந்தது.

மைலேஜ் என்னும் மயக்கம்

நான் வாரம் நான்கு தடவை சேலத்துக்கு வண்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். போய்வர 60 கிலோமீட்டர். தேவைப்பட்டபோது தேவைப்பட்ட சரக்கு. நடைக்குப் பத்து மூட்டை, 50 கிலோ மூட்டை. அளந்து பார்த்தபோது அந்த அரை லோடு நடைக்கு 4½ லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு 13 கிலோமீட்டருக்கு மேல்! மைலேஜ் பிரமாதம் என்று மகிழ்ந்தேன். ஒருநாள் 20 மூட்டை ஏற்றிவந்தோம். 5 லிட்டர் ஆயிற்று. மைலேஜ் 12-ஆகக் குறைந்தது.

இப்போது மூட்டைக்கு வகுத்துப் பாருங்கள். பத்து மூட்டைக்கு 4½ லிட்டர், 405 ரூபாய். மூட்டைக்கு 40 ரூபாய் 50 காசு. இருபது மூட்டைக்கு 5 லிட்டர், 450 ரூபாய். மூட்டைக்கு 22 ரூபாய் 50 காசு. மைலேஜ் நன்றாக இருந்த நடையில்தான் மூட்டைக்கு 18 ரூபாய் நட்டம். வண்டி தன்னைத்தான் பெரும்பாலும் சுமந்துபோகிறது. மேலே ஏறும் மூட்டைக்கு ஆகும் கூடுதல் டீசல் கொஞ்சம்தான்.

ஆகவே வியாபாரிக்கு வேண்டிய கணக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது அல்ல. மூட்டைக்கு எத்தனை ரூபாய் டீசல் என்பதே. மெக்கானிக்குக்கும் டிரைவருக்கும் முதல் கணக்கு போதும். முதலாளிக்கு இரண்டாவது கணக்கு வேண்டும்.

நான்கு அரை லோடை இரண்டு முழு லோடாக மாற்றினோம். அதே 40 மூட்டை. வாரம் 18 லிட்டர் ஆன இடத்தில் 10 லிட்டர். நான்கு வாரத்துக்கு 32 லிட்டர், 2,880 ரூபாய் மிச்சம். முன்கூட்டியே வாங்கி வைத்தால் பணம் முடங்காதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி, அதையும் போட்டுப் பார்த்தேன். பத்து மூட்டை பருப்பு, கிலோ 100 ரூபாய் என்றால் 50,000 ரூபாய். அதை இரண்டு நாள் முன்னதாக வாங்கினால் 12 சதவீத வட்டிக்கு ஏறக்குறைய 33 ரூபாய். அதற்காக மிச்சமாவது 4 லிட்டர் டீசல், 360 ரூபாய். விலை சரியும் சரக்கு, அழுகும் சரக்கு இவற்றுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

முழு லோடு வேறு, அதிக லோடு வேறு. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகப்படிச் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். ஒரு நாள் அபராதம் பல மாத மிச்சத்தை விழுங்கிவிடும்.

கிராமத்துக் கடைகளுக்குச் சரக்கு போடுவதிலும் இதே கதைதான். யார் போன் செய்தாலும் உடனே வண்டியை அனுப்புவது எங்கள் வழக்கம். வாடிக்கையாளர் முகம் கோணக் கூடாதே! பத்து கிலோமீட்டர் தள்ளி உள்ள ஒரு கடைக்கு ஒரே ஒரு சிப்பம் அரிசி போட்டுவர 20 கிலோமீட்டர் ஓட்டம். 150 ரூபாய் டீசல். சிப்பத்தில் லாபம் 20 ரூபாய். இதை எழுதிப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது திங்கள்கிழமை நாமகிரிப்பேட்டைப் பக்கம், புதன்கிழமை வெண்ணந்தூர்ப் பக்கம், சனிக்கிழமை சேந்தமங்கலம், காரவள்ளிப் பக்கம் என்று நாள் குறித்துவிட்டோம். முதல் நாள் சாயங்காலத்துக்குள் ஆர்டர் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள். சரக்கு சொன்ன நாளில் சொன்னபடி வந்ததும் அவர்களே சமாதானமாகிவிட்டார்கள்.

இரண்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். என் பிக்கப் 9-லிருந்து 12 ஆயிற்று. ஒரு நண்பரின் குட்டி யானை 18-லிருந்து 21 ஆயிற்று. இரண்டிலும் கூடியது 3 கிலோமீட்டர்தான். ஆனால் 100 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால், பிக்கப்பில் 11.1 லிட்டர் 8.3-ஆகக் குறைந்து 2.8 லிட்டர் மிச்சம். குட்டி யானையில் 5.6 லிட்டர் 4.8-ஆகக் குறைந்து 0.8 லிட்டர்தான் மிச்சம். அதிகம் குடிக்கிற வண்டியை முதலில் சரி செய்ய வேண்டும். நம்மில் பலர் புது வண்டியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு, பழைய வண்டியை ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டுவிடுகிறோம். நட்டம் அங்கேதான்.

விலையும் வரியும்

டீசல் விலை ஒரு காலத்தில் அரசு அறிவித்தால்தான் மாறும். 2013 ஜனவரியிலிருந்து சிறுகச் சிறுக ஏற்ற அனுமதித்தார்கள். 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முழுதும் நீங்கியது. 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை மாற்றும் முறை வந்தது. 2021 நவம்பரில் மத்திய கலால் வரியில் லிட்டருக்கு 10 ரூபாயும், 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைத்தார்கள். ஏற்றமோ இறக்கமோ, எதுவும் நம்மைக் கேட்டு நடப்பதில்லை.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது டீசல் அதற்குள் வரவில்லை. ஆகவே டீசலில் கட்டும் வரியை வரவு எடுக்க வழியில்லை; கொடுத்த பணம் முழுவதும் செலவுதான். ஆனால் சரக்கு வண்டிக்கு வாங்கும் டயர், உதிரிப் பாகம், பழுது பார்த்த கூலி இவற்றுக்கு முறையான பில் இருந்தால், காம்பவுண்டிங் முறையில் இல்லாத வணிகர் கட்டிய வரியை வரவு எடுத்துக்கொள்ளலாம். பில் இல்லாமல் நூறு ரூபாய் குறைத்துப் பழுது பார்ப்பது லாபம் போலத் தெரியும். உண்மையில் அப்படி இல்லை. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏமாற வேண்டாம்

மைலேஜ் கூட்டும் காந்தம், டேங்க்கில் போடும் மாத்திரை, ஊற்றும் எண்ணெய் என்று கடைக்குக் கடை வந்து விற்பவர்கள் உண்டு. 1996-இல் மூலிகையிலிருந்து பெட்ரோல் என்ற செய்தி நாட்டையே கலக்கியதும், அது சோதனையில் நிற்காமல் போனதும் மூத்த வணிகர்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இம்மாதிரிச் சாதனங்கள் நூற்றுக்கு மேல் ஆராய்ந்து, குறிப்பிடும்படி மைலேஜ் கூட்டுவது எதுவும் இல்லை என்றே கண்டது. ஐந்து ரூபாய்க் காற்று செய்யும் வேலையை ஐயாயிரம் ரூபாய்க் காந்தம் செய்யாது.

2020 ஏப்ரல் 1-க்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. இந்த வண்டிகளுக்காகவே கந்தகம் மிகக் குறைந்த டீசல் வருகிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று வேறெதையும் ஊற்றினால் புகை வடிகட்டும் சாதனம் கெடும். அந்தச் சாதனம் கரியைத் தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ள அவ்வப்போது தொடர்ந்த ஓட்டம் வேண்டும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அலட்சியப்படுத்தாமல் கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். அடுத்தது, யூரியாக் கரைசல் கேட்கும் வண்டிக்கு அதற்கென விற்கும் 32.5 சதவீதக் கரைசலையே ஊற்ற வேண்டும். வயலுக்குப் போடும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவைக் கரைத்து ஊற்றிவிட்டுப் பின்னால் பெரிய தொகைக்குப் பழுது பார்க்கக் கூடாது.

நாற்பது பக்க நோட்டு

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. நாளைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வண்டியில் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, மீட்டர் எண், பிடித்த லிட்டர், போன இடம், ஏற்றிய மூட்டை என்று ஐந்து பத்தி போதும். டிரைவர் எழுதட்டும். மாதக் கடைசியில் நீங்கள் இரண்டு வகுத்தல் போடுங்கள்: 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர், மூட்டைக்கு எத்தனை ரூபாய். முதல் எண் ஏறினால் வண்டியைப் பாருங்கள். இரண்டாவது எண் ஏறினால் உங்கள் ஏற்பாட்டைப் பாருங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே தெருவிலிருந்து ஒரே நாளில் மூன்று வண்டி அரை லோடுக்குச் சேலம் போகிறது. பர்மிட், இன்சூரன்ஸ் நிபந்தனைகளைப் பார்த்துக்கொண்டு, உறுப்பினர்கள் நாள் பேசிச் சேர்ந்து சரக்கு எடுத்தால் மூவருக்கும் லாபம். போட்டி கல்லாவில் இருக்கட்டும், சாலையில் வேண்டாம்.

கடைசியாக அந்தச் சாவியைப் பற்றி. மெக்கானிக் டிரம்மைக் கழற்றிக் காட்டிய அன்றே, கடையில் எல்லோர் முன்னிலையிலும் டிரைவரிடம், "தப்பு என் பேர்லதான் தம்பி, மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். அவர் பதில் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு தார்பாயை மடிக்கப் போய்விட்டார். மிச்சமாகும் டீசலில் மாதம் 1,000 ரூபாய் அவருக்கு என்று ஏற்பாடு செய்திருக்கிறேன். நோட்டு எழுதுவதில் என்னைவிடக் கறார் அவர். போன மாதம் ஒரே ஒரு மூட்டைக்காக வண்டி எடுக்கச் சொன்னபோது, "இது கட்டுபடியாகாதுங்க மொதலாளி, புதன்கிழமை சேத்துப் போட்டுக்கலாம்" என்று அவர்தான் என்னைத் தடுத்தார்.

அளக்காமல் சந்தேகப்பட்டேன். மாதம் சில ஆயிரம் ரூபாய் போயிருந்தால் பின்னால் சம்பாதித்துக்கொள்ளலாம். பதினோரு வருட நம்பிக்கை போயிருந்தால் அதை எந்தச் சந்தையில் கொள்முதல் செய்திருப்பேன்? வணிக அன்பர்கள் என் தவறைச் செய்யாமல் முதலில் அளந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.